கயிற்றின் மறுமுனை

எருமப்பட்டியில் கடலை உண்டு, கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிற எங்கள் ஊரில் நின்று வடக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். மற்றத் திசைகளில் சோளக்காடும் கடலைக்காடும் கோழிப் பண்ணைகளும் தெரியும். அலைச் சத்தம் காதில் விழவேண்டுமானால் நூறு மைலுக்கு மேல் பிரயாணம் செய்தாகவேண்டும். இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலில் மூழ்குகிறவர்களின் சாமான்களை எங்கே வாங்குவது உத்தமம் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கினேன் என்றால் அதற்குக் காரணம் என் தங்கை மகன்தான்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையை வெடி வைத்துப் பிளந்து, எண்பது அடி, நூறு அடி என்று தோண்டியவை. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் அவற்றில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் கயிறு அறுந்த மோட்டார்களும் கழன்று விழுந்த குழாய்களும் தூங்கிக்கொண்டிருக்கும். பையன் ஒரு கணக்குப் போட்டான். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அவற்றை மீட்டுக் கொடுத்தால் என்ன? மோட்டாருக்கு இவ்வளவு என்று கூலி. ஜில்லா முழுவதும் கிணறு இருக்கிறது, தொழிலுக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதைப் பாருங்க மாமா. கண்ணாடி, துடுப்பு, சிலிண்டர், ரெகுலேட்டர், அத்தனையும் வீட்டு வாசலுக்கே வந்துருதுங்க. கடற்கரைப் பக்கம் ஒரு கடையிலே விசாரிச்சேன். மூணிலே ஒரு பங்கு ஜாஸ்தி சொல்றாங்க. எதுக்குங்க அங்கே போகோணும்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். யோசிக்கத் தொடங்கியதும் என் மனம் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கிய பாதாளக் கரண்டிக்குப் போயிற்று.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாதாளக் கரண்டி என்பது ஓர் இரும்பு வளையம். அதைச் சுற்றிலும் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கிணற்றில் குடமோ வாளியோ விழுந்துவிட்டால் அதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. கேட்டு வருகிறவர்களுக்கு என் பாட்டி இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் ஒரு செம்பை ஈடாக வாங்கி வைத்துக்கொள்வாள். கூடவே நாலு கேள்வி கேட்பாள்: "எந்தக் கிணறு? எத்தனை பாகம் தண்ணி? கயிறு புதுசா பழசா?" கயிறு பழசு என்று பதில் வந்தால், கரண்டியோடு எங்கள் வீட்டுக் கயிறும் சேர்ந்து போகும்.

தூரத்துச் சரக்கின் அனுபவமும் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. நம் நாட்டில் வி.பி.பி. என்கிற ஏற்பாடு 1877ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். கடிகாரம், ஆர்மோனியப் பெட்டி, தலைமயிர்த் தைலம், தாது புஷ்டி லேகியம் எல்லாம் இப்படித்தான் பட்டிக்காடுகளுக்கு வந்து சேர்ந்தன. என் தாத்தாவும் விளம்பரம் பார்த்து ஒரு கைக்கடிகாரத்துக்கு எழுதிப்போட்டார். வந்த கடிகாரம் பார்வைக்குப் பிரமாதமாக இருந்தது. ஒன்பதே நாள் ஓடிற்று. அனுப்பிய கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார்; பதில் இல்லை. நாமக்கல் கடைவீதியில் இருந்த கடிகாரக்காரரோ, "என்னிடம் வாங்கியிருந்தால் நான் ஜவாப்தாரி" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாத்தா அதைக் கடைசிவரை கையில் கட்டிக்கொண்டுதான் இருந்தார். நேரத்தைச் சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கடிகாரம் நின்றால் மனிதன் நின்றுவிடுவதில்லை. ரெகுலேட்டர் நின்றால்? இந்த நினைப்பு வந்த பிறகுதான் நான் சரித்திரப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

தமிழ்நாட்டில் மூழ்கும் தொழிலுக்கு இரண்டாயிரம் வருஷச் சரித்திரம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல் வழிக் குறிப்பு, பாண்டியனுடைய கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததைச் சொல்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளை அந்த வேலையில் இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. முத்து மாலையின் பளபளப்பை வர்ணிக்கிற நாம் இந்த ஒரு வாக்கியத்தையும் மறந்துவிடக் கூடாது. கடலுக்கு அடியில் போவது என்பது அந்தக் காலத்தில் ஒரு தண்டனை.

பின்னால் அது பரதவர்களின் குலத்தொழிலாகவும் பெருமையாகவும் ஆயிற்று. 1807ஆம் ஆண்டு இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஜேம்ஸ் கார்டினர் என்ற பாதிரியார் மன்னார்ச் சலாபத்தை விவரித்திருக்கிறார். சலாபம் என்பது முத்துக்குளிப்புப் பருவத்துக்கு நம்மவர் வைத்த பெயர். ஒரு படகில் மூழ்குகிறவர்கள் பத்துப் பேர், மூழ்குகல் ஐந்து. ஐந்து பேர் இறங்கும்போது மற்ற ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். கல்லின் மேல் காலை வைத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டால் கல் ஆளைக் கடலடிக்கு இழுத்துக்கொண்டு போகும். அங்கே ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக்கொள்ளவேண்டும். பிறகு கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவர்கள் இழுத்துவிடுவார்கள்.

கல், கயிறு, கூடை. அவ்வளவுதான் சாமான். எல்லாம் உள்ளூரில் கிடைப்பவை, விலையும் சொற்பம். ஆனால் அவற்றோடு சேர்ந்த இன்னொரு சாமானுக்கு விலை கிடையாது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கிற கையைத்தான் சொல்கிறேன். முத்துக்குளிப்பவன் தன் மனைவியின் சகோதரனைத்தான் கயிறு பிடிக்க வைப்பான் என்று தென்பாண்டிக் கரையில் சொல்வதுண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்க நினைக்கலாம். மைத்துனனோ தன் உடன்பிறந்தாளின் தாலிக்காகவாவது கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் கொல்லிமலைப் பக்கத்தில் தேன் எடுக்கிறவர்களைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. "மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்" என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் எனக்குத் தெரியாது.

கயிறு பிடிக்கிறவனைத் தவிர இன்னொரு ஜவாப்தாரியும் இருந்தான். அவனுக்குக் கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தால் சுறாமீனின் வாயைக் கட்டுகிறவன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவனுக்குக் கொடுத்த கூலியைக்கூட எழுதிவைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று கடல்கட்டிக்கு. பகலில் கட்டிய மந்திரத்தை இராத்திரியில் அவிழ்த்துவிடுவானாம். இல்லாவிட்டால் திருடர்கள் இருட்டில் இறங்கிச் சிப்பியை வாரிவிடுவார்களே! 1859ஆம் ஆண்டு எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி எழுதியபோதும் இந்தப் பரம்பரை இருந்தது. அப்போதைய கடல்கட்டி ரோமன் கத்தோலிக்கர். ஆனாலும் அவருடைய மந்திரத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை என்கிறார்.

சிரிக்கலாம். ஆனால் நான் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தயாராயில்லை. சுறா கடித்தால் அந்த மனிதன் ஊருக்கு முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். மூழ்குகிறவர்கள் வாங்கிய சரக்கு மந்திரம் அல்ல, பொறுப்பு.

அடுத்த கட்டம் 1837இல் லண்டனில் நடந்தது. ஜெர்மானியரான அகஸ்டஸ் ஸீப் என்பவர், செம்புத் தலைக்கவசமும் நீர் புகாத உடுப்பும் ஒன்றாய் இணைந்த மூழ்கு அங்கியைச் செய்தார். மேலே படகில் நின்று ஆட்கள் பம்பு அடிப்பார்கள். குழாய் வழியே காற்று கீழே போகும். நிமிஷக் கணக்கு மணிக் கணக்காக நீண்டது. இருந்தாலும் அங்கேயும் ஒரு கயிறு உண்டு. கீழிருந்து ஒரு சுண்டு என்றால் ஓர் அர்த்தம், இரண்டு சுண்டு என்றால் வேறோர் அர்த்தம். எவ்வளவு பெரிய இயந்திரமானாலும் மறுமுனையில் ஒருவன் கவனமாக நின்றே ஆகவேண்டும்.

அந்தக் கயிற்றை அறுத்தது இரண்டாவது உலக மகாயுத்தம். அப்போது பெட்ரோலுக்குப் பஞ்சம். நம் ஊர்ப் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்த வாயுவில் ஓட்டிய காலம் அது. பிரான்சிலும் அதே பஞ்சம்தான். அங்கே எமில் கான்யான் என்ற பொறியாளர், சமையல் வாயுவில் கார் ஓடுவதற்காக ஒரு வால்வு செய்திருந்தார். இயந்திரம் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு மட்டும் வாயுவை விடுகிற வால்வு. கடற்படையைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ அவரிடம் வந்தார். காருக்குக் கொடுப்பதை மனிதனுக்குக் கொடுத்தால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். 1943இல் கூஸ்தோ அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். குழாய் இல்லை, கயிறு இல்லை. மீனைப்போல் எந்தத் திசையிலும் திரும்பலாம். மனிதன் நீருக்குள் பெற்ற சுதந்திரத்தில் இதைவிடப் பெரியது இல்லை.

அந்தச் சுதந்திரத்தோடு கூடவே இன்னொன்றும் நடந்தது. மூழ்குகிறவனின் உயிர் ஒரு பெட்டிக்குள் அடங்கும் சரக்காக ஆகிவிட்டது. பெட்டியில் அடங்குவதைத் தபாலில் அனுப்பலாம். 1950களில் அமெரிக்காவில் காசு வைத்திருந்த எவரும், ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லாமல், விளையாட்டுச் சாமான் கடையிலோ தபால் மூலமோ இந்தக் கருவியை வாங்க முடிந்தது. விளைவு என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் சேர்ந்து மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நிறைய மூச்சை இழுத்து, பயத்தில் அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் அப்படி விரியாது. இதைச் சொல்லிக் கொடுக்கப் பார்சலுக்கு வாய் இல்லை.

ஆகவே அறுந்த கயிற்றை மறுபடியும் திரித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 1950களின் நடுவில் பயிற்சி ஏற்பாட்டைத் தொடங்கியது. 1960இல் 'நாயி' என்ற சங்கமும் 1966இல் 'பாடி' என்ற சங்கமும் தோன்றின. பயிற்சி முடித்தவனுக்கு ஓர் அட்டை. அந்த அட்டையைக் காட்டாதவனுக்குச் சிலிண்டரில் காற்று அடைத்துக் கொடுப்பதில்லை என்று கடைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். ரெகுலேட்டரை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து தேய்ந்த வளையங்களை மாற்றுவது, சிலிண்டரின் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலையாயிற்று. என் பாட்டி செம்பை வாங்கி வைத்துக்கொண்டு கேட்ட நாலு கேள்வியும் இதுவும் ஒன்றுதான்.

நம் கடலில் என்ன நடந்தது? தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்தவைதான் கடைசிச் சலாபங்கள். அதன் பிறகு முத்துக்குளிப்பு சரித்திரமாகிவிட்டது. அதே காலத்தை ஒட்டி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் தூத்துக்குடிக் கடலடியில் மூழ்கி, சிப்பிப் பார்களின் நிலைமையைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். 1956இல் திருகோணமலையில், கோணேசர் மலைக்கு அடியில் மைக் வில்சன் மூழ்கியபோது, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயிலின் சிதைவுகள் தென்பட்டன. பூம்புகாருக்கு எதிரே கடலில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1980களிலிருந்து தேடினார்கள். இவை எல்லாம் தூரதேசத்துச் சரக்கு நமக்குச் செய்த உபகாரம். அயலூர்ச் சரக்கு வேண்டாம் என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன் ஆவேன்.

மறுபக்கமும் உண்டு. சங்கு எடுக்கிறவர்களில் சிலர், படகில் ஒரு கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார்கள். கூலி அதிகம், ஆழமும் அதிகம். எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம், எப்படிப் படிப்படியாக மேலே வரவேண்டும் என்று ஜே. எஸ். ஹால்டேன் 1908லேயே கணக்குப் போட்டு அட்டவணை வெளியிட்டுவிட்டார். அட்டவணை கருவியோடு கூட வரவில்லை. அதனால் வந்த மூட்டு வலியும் கால் முடக்கமும் கடற்கரை வீடுகளுக்குத் தெரியும்.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க மாமா, காத்துக்கு நம்ம பஞ்சர் கடை இருக்குதுங்களே" என்றான்.

லாரிக்குப் பெயர் போன நாமக்கல் பக்கத்தில் காற்று அடிக்கும் கடைக்கா பஞ்சம்? இருவரும் போனோம். கடைக்காரர் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, நம்ம மிஷின் நூத்தம்பது பவுண்டுக்கு மேலே ஏறாதுங்க. இதுக்கு மூவாயிரம் பவுண்டு வேணும்னு போட்டிருக்குது. அதுவுமில்லாம இந்தக் காத்துலே எண்ணெய்ப் புகை வருதுங்க. டயருக்கு நுரையீரல் இல்லே; அதனாலே அது கேக்கறதில்லே."

சரித்திரப் புத்தகங்கள் சொல்லாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மூச்சுக் காற்றை அடைக்கும் கம்ப்ரசருக்குத் தனி வடிகட்டிகள் உண்டு. இயந்திரப் புகை பக்கத்தில் வரக்கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பன்னிரண்டு லிட்டர்ச் சிலிண்டரில் இருநூறு மடங்கு அழுத்தத்தில் இரண்டாயிரத்து நானூறு லிட்டர் காற்று அடங்கும். நிமிஷத்துக்கு இருபது லிட்டர் செலவானால் மேலே இரண்டு மணி நேரம், பத்து மீட்டரில் ஒரு மணி நேரம், முப்பது மீட்டரில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் யார் அடைத்த காற்று என்பதைப் பொறுத்தது. காற்றைத் தபாலில் வரவழைக்க முடியாது.

பையன் பிடிவாதக்காரன். முகக் கண்ணாடியை மட்டும் தருவித்தான். அதைக் கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில் முங்கினான். இரண்டே நிமிஷத்தில் கண்ணாடிக்குள் பாதித் தண்ணீரோடு வெளியே வந்தான். பிறகுதான் கடற்கரைக்குப் பஸ் ஏறினான். நானும் கூடப் போனேன். முதலில் நுழைந்த கடைக்காரர், பையன் நீந்துவானா என்றுகூடக் கேட்காமல், முழு செட்டையும் அன்றே தலையில் கட்டப் பார்த்தார். பக்கத்தில் கடை இருந்தால் அது நல்ல கடை என்று அர்த்தமில்லை. இதையும் சொல்வதுதான் நியாயம். இரண்டாவது கடையில் இருந்தவர் எதையும் விற்கவில்லை. பையனின் முகத்தை உற்றுப் பார்த்தார். வாரைப் போடாமல் ஒரு கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சச் சொன்னார். ஒட்டிக்கொண்டால் பொருந்துகிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை, கீழே விழுந்தது.

"கண்ணாடிமேல் குற்றமில்லை தம்பி. மீசையை மேலே கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்திருந்த கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். ஆனால் எங்கள் பையனுக்கு மீசை இருப்பது அதை அனுப்பியவருக்குத் தெரியாது.

அன்றுதான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. எருமப்பட்டிக்காரனுக்கு எல்லாக் கடையும் வெளியூர்க் கடைதான். நூறு மைல் என்றால் என்ன, ஆயிரம் மைல் என்றால் என்ன? உள்ளூர்க் கடை என்பது தூரத்தைப் பொறுத்ததல்ல. நம் முகத்தைப் பார்த்தவன், நாளைக்கு நாம் திரும்பிப் போனால் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், அவனே உள்ளூர்க்காரன். துடுப்பு, பை, விளக்கு இவற்றை எங்கிருந்து வேண்டுமானாலும் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். பழுதானால் பணம்தான் போகும். மூச்சு சம்பந்தப்பட்ட எதையும் அப்படி வாங்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றானே, அது சாமானின் விலையல்ல. மறுமுனையில் இருக்கும் கையின் கூலி.

பையன் மீசையைக் கத்தரித்துக்கொண்டு போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினான். கிணற்றுத் தொழில் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"கிணத்துக்கு இது பத்தாதுங்க மாமா. கலங்கின தண்ணி, கண்ணு தெரியாது. கீழே குழாயும் கயிறும் சுத்திக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தனிப் பயிற்சி வேணுமாம். முதுகிலே சிலிண்டர் இருந்தாலும் இடுப்பிலே ஒரு கயிறு கட்டி, மேலே ஒருத்தன் பிடிச்சுக்கிட்டே இருக்கோணுமாம். இல்லாட்டி இறங்கவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க."

இரண்டாயிரம் வருஷம் சுற்றிவிட்டுக் கயிறு மறுபடியும் எங்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தது!

"சரி, அந்தப் பயிற்சியையும் முடித்துவிட்டால் கயிற்றை யார் பிடிப்பது?" என்று கேட்டேன்.

பையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். வருகிற தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"மச்சான்கிட்டே இப்பவே சொல்லி வெச்சிருக்கேனுங்க" என்றான்.